ஊராத்துறை முதல் வல்லிபுரம் வரை

சென்ற ஆண்டு எமது சங்கத்தின் படிப்பு வட்டத்திலே, யாழ்ப்பாணத்துப் பழைய துறைமுகங்கள் பற்றி யான் ஒரு சிறு கட்டுரை வாசித்தேன். வாசித்து முடிந்ததும் பின்வரிசையிலிருந்த பெரியார் ஒருவர் மெல்ல எழுந்தார். "தம்பி, நல்லாய்த்தான் எழுதியிருக்கிறீர். ஆனால் சம்பில்துறையிலை வெள்ளரசு வந்து இறங்கினது, வல்லிபுரத்திலை விகாரை இருந்தது எண்டு உந்தக் கதையெல்லாத்தையும் நாங்களே எழுதிக் குடுக்க வேணுமோ?" என்று கேட்டுவிட்டு அமர்ந்தார். சபையிற் சிலர் கைதட்டினர். எனக்கு உடனே மறுமொழி வரவில்லை.

அப்பெரியாரை யான் குறைசொல்லேன். அவர் மயிலிட்டியைச் சேர்ந்தவர். 1990 ஜூன் மாதத்திலே குடும்பத்தாரோடும் ஒரு தகரப் பெட்டியோடும் ஊரைவிட்டு வெளியேறியவர். அப்பெட்டியில் இருந்தது காணி உறுதி. இருபத்தேழு ஆண்டுகளாக உறுதி அவர் கையிலும், காணி முட்கம்பி வேலிக்கு அப்பாலும் இருந்தன. 2017இல் அப்பகுதியின் ஒரு துண்டு நிலம் விடுவிக்கப்பட்டபோது பிள்ளைகள் போய்ப் பார்த்து வந்தனர், அவர் போகவில்லை. அயலூராகிய தையிட்டியில், தமது காணிகளில் விகாரையொன்று எழுப்பப்பட்டதென்று காணிக்காரர் 2023 தொடக்கம் எதிர்ப்புத் தெரிவித்து வந்தமையை யாவரும் அறிவர். இத்தகைய ஒருவர் பழைய ஏடு ஒன்றைக் கண்டவுடன் "இது யாருக்குச் சாட்சி?" என்று கேட்பது இயல்பே. ஆயினும், சரித்திரம் பயிலும் மாணவன் என்ற வகையில் "ஆம் ஐயா, எழுதத்தான் வேண்டும்" என்பதே என் மறுமொழி. அதனை அவர் முகத்தைப் பார்த்து எவ்வாறு சொல்வது என்பதுதான் தெரியவில்லை.

அவருடைய பேரன் என்னோடு பல்கலைக்கழகத்திற் பயில்பவன். "அந்தத் துறையெல்லாத்தையும் ஒரே நாளிலை சைக்கிளிலை சுத்திப் பாப்பம். பிறகு வந்து அப்பப்பாவுக்கு மறுமொழி சொல்லு" என்றான் அவன். எமது சங்கத்து இளைய உறுப்பினன் ஒருவனும் சேர்ந்துகொள்ள மூவரானோம். யாழ்ப்பாணத்திலிருந்து மேற்கே ஊர்காவற்றுறை, அங்கிருந்து கடலைக் கடந்து காரைநகர், பின் வடகரை நெடுகச் சம்பில்துறை, கீரிமலை, காங்கேசன்துறை, கிழக்கே தொண்டைமானாறு, வல்வெட்டித்துறை, பருத்தித்துறை, வல்லிபுரம், பின் யாழ்ப்பாணம். சுமார் எழுபது மைல். ஆனி மாத விடுமுறையில் ஒரு நாளைக் குறித்தோம்.

துவிச்சக்கர வண்டியைப் பற்றி ஒரு சொல். யாழ்ப்பாணத்தாருக்கு இது வெறும் வண்டியன்று. 1990ஆம் ஆண்டின் பின் எரிபொருள் தடைப்பட்ட காலத்திலே நோயாளியையும் விறகையும் மணமக்களையும் சுமந்தது இதுவே. மின்சாரமில்லாத அந்நாட்களில் வண்டியைக் கவிழ்த்து வைத்து, மிதியைக் கையாற் சுழற்றி, டைனமோவிற் பிறந்த மின்சாரத்தால் வானொலிச் செய்தி கேட்டதாக எம் வீட்டார் சொல்லக் கேட்டு வளர்ந்தவர் நாம். யான் ஏறிச் சென்றது என் தந்தையார் அக்காலத்தில் ஓட்டிய அதே றலி வண்டி. நண்பனுடையது கியர் பூட்டிய புதுமாதிரி வண்டி. எது முதலிற் பஞ்சராயிற்று என்பதைப் பின்னர் சொல்வேன்.

விடியற்காலை நாலரை மணிக்குக் கோட்டையின் முன் கூடினோம். பறங்கியர் 1619இல் யாழ்ப்பாண இராச்சியத்தைக் கைப்பற்றிய பின் எழுப்பிய கோட்டையை 1658 ஜூன் மாதத்தில் ஒல்லாந்தர் முற்றுகையிட்டுப் பிடித்தனர்; பின்னர் ஐந்து மூலைக் கோட்டையாகத் திருத்திக் கட்டினர்; 1795இல் ஆங்கிலேயர் வசமாயிற்று. இடிக்கப்பட்ட கோயில்களின் கற்கள் இதன் மதிலில் உள்ளன என்பது ஊர்வழக்கு. கோட்டையைப் பற்றி எழுதாதார் இல்லையாதலால் யான் அங்கு நிற்கவில்லை. பண்ணைப் பாலத்தில் ஏறியதும் சோளகக் காற்று முகத்திலடித்தது. இருபுறமும் ஆழமற்ற களப்பு. தூரத்தே சிறகு வலைக்காரரின் விளக்குகள். மண்டைதீவுச் சந்தி, அல்லைப்பிட்டி, வேலணை எனப் பன்னிரண்டு மைலளவும் எதிர்காற்றுத்தான். ஊர்காவற்றுறையை அடைந்தபோது மணி ஆறேகால்.

இன்று பார்ப்பவருக்கு அவ்வூர் ஓர் அமைதியான கடற்கரைப் பட்டினம். தேவாலயங்களும் பழைய சுங்கக் கட்டடங்களும் பாதியிடிந்த பெரிய வீடுகளும் காணப்படும். 1990, 1991ஆம் ஆண்டுகளில் தீவுப்பகுதி மக்கள் பெருந்தொகையாகப் பெயர்ந்ததன் அடையாளம் அவ்வீடுகளில் இன்னும் உண்டு. பறங்கியர் தம் மொழியிலே துறைமேடையைக் குறிக்கும் சொல்லால் இவ்விடத்தை அழைத்தனர். அதுவே ஆங்கிலேயர் வாயிற் 'கயிற்ஸ்' ஆயிற்று. ஆனால் இதன் பழம்பெயர் ஊராத்துறை. அப்பெயரைக் கல்லிலே பொறித்து வைத்தவர் யாரெனின், பொலன்னறுவையிலிருந்து ஆண்ட முதலாம் பராக்கிரமபாகு மன்னர். அவர் காலம் 1153 முதல் 1186 வரை. அவ்விட்ட சாசனம் நயினாதீவு நாகபூஷணி அம்மன் கோயிலில் உள்ளது. அம்மனைத் தரிசிக்கச் செல்லும் எம்மவருட் பலர் அக்கல்லைக் கடந்து செல்கின்றனர். யானும் ஐந்தாறு முறை கடந்து சென்றவனே. பேராசிரியர் கா. இந்திரபாலா 1963இல் அதனை ஆராய்ந்து வெளியிட்டார்.

சிங்கள மன்னர் ஒருவர் நிறுத்திய அச்சாசனம் தமிழில் எழுதப்பட்டுள்ளது. அதன் பொருள் இது: பரதேசிகள் ஊராத்துறையில் வந்து தங்க வேண்டும்; அவர்கள் பாதுகாக்கப்பட வேண்டும்; பல துறைகளிலிருந்தும் அவர்கள் நம் துறையில் வந்து கூட வேண்டும். யானையும் குதிரையும் கொண்டுவரும் மரக்கலம் உடைந்தால் நாலில் ஒரு பங்கு பண்டாரத்துக்கு, மூன்று பங்கு உடையவனுக்கு. வாணிகப் பண்டம் கொண்டுவரும் மரக்கலம் உடைந்தால் பண்டாரத்துக்குப் பாதி, உடையவனுக்குப் பாதி.

இதைப் படித்தபோது எனக்கு வேறொரு நினைவு வந்தது. யான் பயின்றது கிறித்தவ மிஷன் பாடசாலையொன்றில். அங்கே வேதாகம வகுப்பிற் பவுல் என்பாரின் கடற்பயணங்களைப் படத்தில் வரைந்து ஒப்புவிக்க வேண்டும். மத்தியதரைக் கடலின் துறைகள் எனக்கு மனப்பாடம். கைதியாய் உரோமாபுரிக்குச் சென்ற அவருடைய கப்பல் புயலில் உடைந்து, அதிலிருந்த 276 பேரும் மெலித்தா என்னும் தீவிற் கரையேறியதும், தீவார் நெருப்பு மூட்டி அவர்களை ஏற்றுக்கொண்டதும் இன்றும் அழகாகச் சொல்வேன். நல்ல கதை, அதனைக் கற்பித்த ஆசிரியருக்கு யான் நன்றியுடையேன். ஆனால் உடைந்த கப்பலுக்கு நீதி சொல்லும் கல்லொன்று என் வீட்டிலிருந்து ஒரு காலைப்பொழுதுத் தூரத்தில் நிற்கிறதென்று பன்னிரண்டு ஆண்டுப் படிப்பில் ஒருவரும் எனக்குச் சொல்லவில்லை. மிஷன் பாடசாலையை மாத்திரம் குற்றஞ்சொல்லிப் பயனில்லை. நம் சைவப் பாடசாலைகளிற் பயின்ற நண்பர் இருவரும் அதனை அறிந்திலர்.

அக்கல்லில் ஓர் உள்நோக்கமும் உண்டு என்பதை மறைக்கலாகாது. பராக்கிரமபாகு யானையும் குதிரையும் வேண்டியது போருக்காக. ஊராத்துறை, மாதோட்டம் முதலிய துறைகளில் அவர் படைகளைக் குவித்துச் சோழநாட்டின் மேற் செலுத்த மரக்கலங்கள் கட்டுவித்தார் என்று, இரண்டாம் இராசாதிராச சோழன் காலத்துத் திருவாலங்காட்டுக் கல்வெட்டுச் சொல்கிறது. ஒரே துறையைப் பற்றி இரு பகையரசர் இரு கரைகளில் எழுதிய தமிழ்ச் சாசனங்கள்! ஒன்று 'வாருங்கள்' என்கிறது. மற்றது 'வருகிறார்கள், எச்சரிக்கை' என்கிறது.

ஊர்காவற்றுறையிலிருந்து காரைநகருக்குப் 'பாதை'யில் ஏறினோம். வெளிமாவட்ட அன்பர்களுக்காகச் சொல்கிறேன்: பாதை என்பது இங்கே வீதியன்று; மனிதரையும் வண்டிகளையும் ஏற்றி அக்கரை சேர்க்கும் மிதவை. நடுக்கடலிற் கறுத்துக் கிடக்கும் கடற்கோட்டையை அதிலிருந்து நன்றாகப் பார்க்கலாம். பறங்கியர் கட்டிய அதனை ஒல்லாந்தர் கைப்பற்றி, இலங்கைத் தீவு பன்றித் தொடைபோலத் தோன்றியதால் அத்தொடையின் குதி என்னும் பொருளில் 'ஹம்மன்ஹீல்' என்று பெயரிட்டனர். எதை எண்ணிக்கொண்டு கடலைப் பார்த்தனர் என்பது அப்பெயரால் விளங்கும்! பிற்காலத்தில் அது சிறையாகவும் இருந்தது. 1971ஆம் ஆண்டுக் கிளர்ச்சியின் தலைவர் உறோகண விஜேவீர அங்கே அடைக்கப்பட்டிருந்தார். ஒல்லாந்தர் காலத்தில் வன்னியிற் பிடித்த யானைகளை ஆனையிறவு வழியாக நடத்திக் கொணர்ந்து இத்துறையிற் கப்பலேற்றி இந்தியாவுக்கு விற்றனர். பராக்கிரமபாகு காலத்தில் யானை வந்திறங்கிய துறையில் ஐந்நூறு ஆண்டுகளின் பின் யானை ஏறிச் சென்றது. யானையைக் கப்பலில் ஏற்றுவது எவ்வாறு என்று இளையவன் கேட்டான். எமக்கு அதற்கு நேரமில்லை. பாதை கரை தட்டிவிட்டது.

காரைநகரைத் தாண்டிப் பொன்னாலைப் பாலத்தில் ஏறினோம். காற்று இப்போது பின்னாலிருந்து தள்ளியது. பாலத்தின் முடிவில் நண்பனின் புதுவண்டியின் முன்சில்லு உயிரைவிட்டது. ரியூபைக் கழற்றித் தேய்த்து ஒட்டுவதற்குள் முக்கால் மணி நேரம் போயிற்று. அங்கே வலை உலர்த்திக்கொண்டிருந்த முதியவர் ஒருவர் "எங்கை தம்பியவை போறியள்?" என்றார். "சம்பில்துறைக்கு, ஐயா." "அங்கை என்ன கிடக்கு? ஒரு விகாரை கட்டிவைச்சிருக்கினம்." எம் சங்கத்துப் பெரியாரின் குரலையே மீண்டும் கேட்டதுபோல் இருந்தது.

மாதகலை அடுத்துள்ள சம்பில்துறையே மகாவம்சம் கூறும் சம்புகோளப் பட்டினம் என்பது அறிஞர் பலரின் முடிபு. கிறித்துவுக்கு முன் 3ஆம் நூற்றாண்டில், தேவநம்பியதீசன் அசோகனிடம் அனுப்பிய தூதர் இத்துறையிலேதான் கப்பலேறினர். சங்கமித்தை வெள்ளரசங் கிளையோடு வந்திறங்கியதும் இங்கேதான். அநுராதபுரத்து மன்னன் இக்கரையிலே வந்து காத்திருந்தான் என்று அந்நூல் சொல்கிறது. 2009இல் யுத்தம் முடிந்தபின் அங்கே புதிய விகாரை எழுந்தது. சங்கமித்தையின் சிலையும் நிறுத்தப்பட்டது. தென்னிலங்கையிலிருந்து பஸ்களில் வந்த யாத்திரிகர் கூட்டமொன்றை அன்றும் கண்டோம்.

அவர்கள் பூ வைத்து வணங்கிக்கொண்டிருந்தபோது யாம் மணலில் அமர்ந்து ரொட்டியும் சம்பலும் தின்றோம். யான் நண்பனுக்கு மகாவம்சத்தின் அடுத்த செய்தியைச் சொன்னேன். அவ்வெள்ளரசின் முதற்கன்றுகள் எட்டும் எங்கெங்கே நடப்பட்டன என்று அந்நூல் பட்டியல் தருகிறது. முதலாவது சம்புகோளப் பட்டினத்தில். இரண்டாவது, திவக்கன் என்னும் பிராமணனுடைய கிராமத்தில். பௌத்த நூலொன்று, பௌத்தத்தின் மிகப் புனிதமான நிகழ்ச்சியைச் சொல்லுமிடத்தில், ஒரு பிராமணனின் ஊரையும் அவன் பெயரையும் மறைக்காமல் எழுதி வைத்திருக்கிறது. அந்தப் பிக்குவிடமும் எவராவது "இதையெல்லாம் நாமே எழுதிக் கொடுக்க வேண்டுமோ?" என்று கேட்டிருக்கலாம் அன்றோ? கேட்டிருந்தாலும் அவர் எழுதினார். அதனால் நாம் அறிகிறோம். இது நண்பனுக்குப் பிடித்துக்கொண்டது. ஆயினும் அவன் ஒன்று சொன்னான்: "அந்தப் பிக்குவின்ரை காணியை ஒருத்தரும் வேலி அடைக்கேல்லைத்தானே." அதற்கு என்னிடம் விடை இருக்கவில்லை.

கீரிமலையை அடைந்தபோது ஒன்பது மணியைத் தாண்டிவிட்டது. நகுலேஸ்வரத்தின் பெருமையை இவ்விதழின் வாசகருக்கு யான் எடுத்துரைப்பது கொல்லன் தெருவில் ஊசி விற்பதாகும். கேணியைப் பற்றி மாத்திரம் ஒன்று. பத்தடிக்கு அப்பால் உப்புக்கடல், உள்ளே நன்னீர். யாழ்ப்பாணக் குடாநாடு முழுவதும் சுண்ணாம்புக்கற் பாறை. ஆறில்லை, பெய்யும் மழை கல்லிடுக்குகளால் இறங்கி, உப்புநீரின்மேல் நன்னீராய் மிதந்து நின்று, தாழ்ந்த இடம் கண்டு கடலோரத்தில் ஊற்றெடுக்கிறது. இக்கரையில் மாலுமி எவன் வந்தாலும் முதலில் தேடியது தண்ணீரைத்தான் என்பதை எண்ணும்போது, துறைகளும் கோயில்களும் ஏன் நெருங்கி நிற்கின்றன என்பது சற்று விளங்குகிறது. பறங்கியர் இடித்த கோயில், ஆறுமுக நாவலர் முதலானோரின் முயற்சியால் 19ஆம் நூற்றாண்டில் மீண்டும் எழுந்தது, 1990இல் குண்டுவீச்சுக்கு இலக்காயிற்று, மறுபடியும் எழுந்தது. மூவரும் நீராடினோம். கால் நோவு பாதி தீர்ந்தது.

காங்கேசன்துறையில் 1950இல் தொடங்கிய சீமெந்துத் தொழிற்சாலை 1990இல் நின்றது. அதற்குச் சுண்ணக்கல் அகழ்ந்த குழிகள் குளங்களாய்க் கிடக்கின்றன. அதே ஆண்டு நின்ற புகையிரதம் 2015இல் மீண்டும் இங்கு வந்து சேர்ந்தது. 2023 ஒக்ரோபரில் நாகபட்டினத்திலிருந்து பயணிகள் கப்பலும் வந்தது. பத்திரிகைகள் அதனைப் புதுமை என்று எழுதின. ஆனால் நாகபட்டினம் எமக்குப் புதிய அயலூரா? முதலாம் இராசராச சோழன் காலத்தில், ஸ்ரீவிசய மன்னர் அங்கே எடுப்பித்த சூடாமணி விகாரைக்கு அச்சிவபக்தனாகிய சோழன் ஆனைமங்கலம் என்னும் ஊரைப் பள்ளிச்சந்தமாக அளித்தான். அவ்விகாரையின் கோபுரம் 1867இற்றான் இடிக்கப்பட்டது. தமிழ்நாட்டுத் துறைகளிலே தமிழ்ப் பௌத்தர் வாழ்ந்தனர். மணிமேகலையை ஆக்கினோர் மரபு அது. ஆகவே, வடகரையில் ஒரு விகாரையின் அடிக்கல் தோன்றினால் அது உடனே ஒரு மொழியாருக்கு மாத்திரம் உரியதாகிவிடும் என்று அஞ்சுவதும், உரியதென்று முழங்குவதும் ஒரே பிழையின் இரு பக்கங்கள். இதனைப் பெரியாருக்குச் சொல்ல வேண்டும் என்று மனத்திற் குறித்துக்கொண்டேன்.

மயிலிட்டியில் நாம் நின்றது திட்டத்தில் இல்லாதது. நண்பன் ஒன்றுஞ் சொல்லாமல் வண்டியை ஒரு ஒழுங்கைக்குள் திருப்பினான். பற்றைகளுக்கு நடுவே ஒரு வளவு. வீடு இல்லை, அத்திவாரத்தின் கோடு மாத்திரம் தெரிந்தது. கிணறு இருந்தது. கட்டிற் பாதி உடைந்து, துலாவின் ஆடுகால் ஒன்று மாத்திரம் எஞ்சி நின்றது. நண்பன் எட்டிப் பார்த்தான். கயிறுமில்லை, வாளியுமில்லை. பத்து நிமிடம் நின்றிருப்போம். பிறகு அவனே "வா, வெயில் ஏறுது" என்றான்.

கிழக்கே செல்லும் கடற்கரை வீதி பலாலியில் எமக்கு வழிவிடாதாதலால், கட்டுவன் பக்கமாக உள்ளூர்ப் பாதைகளில் திரும்பி, அச்சுவேலி வழியே தொண்டைமானாற்றை அடைந்தோம். செம்மண் தோட்டங்களில் புகையிலையும் வெங்காயமும், எமக்கோ நாவறட்சி. சோழநாட்டுத் தொண்டைமான் உப்புக்காக வந்து இவ்வாற்றை வெட்டுவித்தான் என்பது யாழ்ப்பாண வைபவமாலை முதலியவற்றால் வழங்கும் கதை. உண்மையோ, புனைவோ, கடலுக்கும் களப்புக்கும் இடையில் உப்பு முக்கியமாயிருந்தது என்பதில் ஐயமில்லை. செல்வச்சந்நிதியில் முருகனை வணங்கி, மடத்தில் அன்னதானத்திற்கு அமர்ந்தோம். பூசணிக்காய்க் கறியும் பருப்பும் மோரும். அவ்வளவு சுவையான உணவை யான் அண்மையில் உண்டதில்லை. ஐம்பது மைல் மிதித்தவனுக்கு எதுவும் சுவையே என்பார்கள், அதுவுந்தான்.

வல்வெட்டித்துறையைப் பற்றி எழுதுவதென்றால் ஒரு மலர் போதாது. அன்னபூரணியை மாத்திரம் சொல்கிறேன். வேம்பு முதலிய நாட்டு மரங்களால் இவ்வூர் மேத்திரிமார் 1930 அளவிற் கட்டிய பாய்க்கப்பல் அது. சிறுபடகொன்றில் முன்னரே உலகைச் சுற்றிவந்த உறொபின்சன் என்னும் அமெரிக்கர் அதன் அழகைக் கண்டு விலைக்கு வாங்கித் தம் மனைவியின் பெயரை அதற்கு இட்டார். வல்வெட்டித்துறை மாலுமிகள் அதனைச் செலுத்தி, 1938ஆம் ஆண்டு அமெரிக்காவின் குளொஸ்ரர் துறையிற் கொண்டுபோய்ச் சேர்த்தனர். அட்லாண்டிக் சமுத்திரத்தைத் தாண்டிய அந்தக் கப்பலுக்கு இங்கே வரைபடம் கூட இருக்கவில்லை என்பர். மேத்திரியின் கண்ணே அளவுகோல். நாகபட்டினம், இரங்கோன் என்று நெல்லும் ஓடும் புகையிலையும் ஏற்றி இறக்கியவர் இவ்வூரார். சுதந்திரத்தின் பின் கடலின் நடுவே கடவுச்சீட்டு என்னும் கோடு கீறப்பட்டது. அதே கடல், அதே வள்ளம், அதே மனிதர். நேற்றுவரை வியாபாரம் எனப்பட்டது மறுநாள் கள்ளக்கடத்தல் எனப்பட்டது. ஊராத்துறைக் கல் 'வாருங்கள்' என்று அழைத்ததை எண்ணிக்கொண்டேன். துறைக்கு ஒரு சட்டம் இருந்தால் அது செழிக்கும். சட்டம் மாறினால் துறையும் மாறும்.

பருத்தித்துறை சேர்ந்தபோது மணி மூன்றரை. பருத்தி ஏற்றிய துறையாதலால் இப்பெயர் என்பர். பறங்கியர் அதனைக் கற்கள் நிறைந்த முனை என்னும் பொருளில் அழைத்தனர்; அச்சொல் திரிந்து பேதுருவின் முனையாகிவிட்டது. மிஷன் பாடசாலையில் யாம் அதனை உண்மையாகவே பேதுரு அப்போஸ்தலரோடு சேர்த்து எண்ணியதுண்டு. ஒல்லாந்தரோடு வந்த போதகர் பால்தேயுஸ் இங்கே ஒரு புளியமர நிழலிற் பிரசங்கித்தார். அவர் 1672இல் அச்சிட்ட நூல் அக்கால யாழ்ப்பாணத்தை அறிய நமக்கு இன்றியமையாதது. ஆயினும் நம் சமயத்தைப் பற்றி அவர் எழுதியவை நமக்கு இனிப்பனவல்ல. நமக்கு இனியாத நூலையும் நாம் படிக்கிறோம் என்பதைக் கவனிக்க. 1916இல் எழுந்த வெளிச்சவீட்டைத் தூரத்திலிருந்து பார்த்துவிட்டு, தும்பளை வீதியிலுள்ள தெருமூடி மடத்தில் இளைப்பாறினோம். வீதியின் மேலேயே கூரை, இருபுறமும் கல்திண்ணை, நடுவே வண்டியும் மாடும் போகும். வழிப்போக்கனுக்காக வீதியையே மூடிக் கட்டியவன் பெருமனத்தன். அங்கிருந்து பருத்தித்துறை வடை தின்றோம். கல்லுப்போன்ற அவ்வடை மாலுமிகளுக்கென்றே கண்டுபிடிக்கப்பட்டது என்பது இளையவனின் ஆராய்ச்சி முடிபு.

வல்லிபுரத்துக்குப் போகும் வழியில் மணல் தொடங்குகிறது. ஆழ்வார் கோயிலைச் சூழ எங்கும் மணற்குன்றுகள். அப்பால் மணற்காட்டிலே பழைய அந்தோனியார் தேவாலயம் மணலுக்குள் பாதி புதைந்து நிற்கிறது. 2004 டிசம்பர் 26இல் கடல் ஏறிவந்து பல உயிர்களைக் கொண்டுபோனதும் இக்கரையிலேதான். இவ்வூரிலே 1936ஆம் ஆண்டு ஒரு பொன்னேடு கண்டெடுக்கப்பட்டது. நான்கு வரி, பழைய பிராமி எழுத்து, பிராகிருதம் சார்ந்த மொழி. பேராசிரியர் பரணவிதான அதனைப் படித்து வெளியிட்டார். வசபன் என்னும் மன்னன் காலத்தில், இசிகிராயன் என்னும் அமைச்சன் நாகதீவை ஆண்டபோது, பியகுகதிசன் என்பான் ஓரிடத்தில் விகாரை கட்டுவித்தான் என்பதே செய்தி. கி.பி. 1ஆம் அல்லது 2ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. இங்கு கிடைத்த புத்தர் சிலையொன்று 1906இல் சீயாம் தேச மன்னருக்கு அன்பளிப்பாகச் சென்றது.

இதுவே எங்கள் பெரியார் அஞ்சும் ஏடு. ஆதலால் அதில் உள்ளதையும் இல்லாததையும் பிரித்துச் சொல்ல வேண்டும். அநுராதபுரத்து மன்னனின் ஆணை இங்கே அக்காலத்திற் செல்லுபடியாயிற்று என்பது அதில் உள்ளது. விகாரை ஒன்று இருந்தது என்பதும் உள்ளது. இங்கு வாழ்ந்த மக்கள் வீட்டில் எம்மொழி பேசினர் என்பது அதில் இல்லை. அமைச்சன் பெயரின் ஈற்றிலுள்ள 'ராய'னைக் கொண்டு தமிழ்த் தொடர்பு காண்பவரும் உளர். 1980இல் ஆனைக்கோட்டையில், பெருங்கற்காலப் புதைகுழியிற் கிடைத்த முத்திரையில் 'கோவேத' என்னும் சொல் பிராமி எழுத்திற் காணப்பட்டது. அதனைத் தமிழெனக் கொள்வர் அறிஞர். ஆகவே, ஒரு தகட்டைக் காட்டி மற்றதை மறைப்பவன் எவனாயினும் அவன் சரித்திரகாரனல்லன். மேலும் ஒன்று: பொன்னேடு ஒரு தருமத்தின் பதிவு, காணி உறுதியன்று. ஈராயிரம் ஆண்டுக்கு முன் ஒருவன் விகாரை கட்டினான் என்பதால் இன்று மயிலிட்டியிற் கிணறு வெட்டியவனின் உரிமை குறையாது. அதனைக் குறைப்பதற்காகப் பொன்னேட்டைத் தூக்கி வருபவன் பொன்னேட்டுக்கும் தீங்கு செய்கிறான். ஆனால் அவன் தூக்கி வருவான் என்று அஞ்சி நாமே அதனை மணலிற் புதைத்தால், அதனைப் படிக்கும் உரிமையையும் அவனுக்கே எழுதிக் கொடுத்தவராவோம்.

இருட்டத் தொடங்கிவிட்டது. வல்லிபுரத்திலிருந்து நெல்லியடி, புத்தூர், கோப்பாய் வழியாக யாழ்ப்பாணம் இருபது மைலுக்கு மேல். மீண்டும் சோளகம் முகத்தில். என் றலியின் டைனமோ விளக்கு, மிதிக்கும் வேகத்துக்கு ஏற்ப மங்கியும் பிரகாசித்தும் வந்தது. மற்ற இருவரும் அதன் பின்னால் வரிசையாக வந்தனர். புத்தூருக்குப் பின் எவரும் பேசவில்லை.

எட்டரை மணிக்கு நண்பன் வீட்டுப் படலையடியில் இறங்கினோம். பெரியார் திண்ணையில் இருந்தார். தண்ணீர் குடிக்கும்வரை பொறுத்திருந்துவிட்டுப் பேரனிடம், "மயிலிட்டிக்குப் போனனியளோ?" என்றார்.

"போனம், அப்பப்பா."

"கிணறு கிடக்கோ?"

"கிடக்கு. கட்டுத்தான் உடைஞ்சு போச்சு."

அவர் சற்று நேரம் ஒன்றும் சொல்லவில்லை. வழியெல்லாம் யான் ஆயத்தப்படுத்தி வந்த மறுமொழிகள் அப்பொழுது எனக்கு நினைவில் இல்லை. பிறகு அவரே என் பக்கம் திரும்பி, "அந்த வல்லிபுரத்துப் பொன்னேட்டிலை என்ன எழுதிக் கிடக்கு? ஒருக்காச் சொல்லும் தம்பி" என்றார். நான்கு வரியையும் சொன்னேன். கேட்டுவிட்டு, "விகாரை கட்டினவன் தண்ணிக்குக் கிணறும் வெட்டியிருப்பான் என்ன?" என்றார்.

"அது எழுதேல்லை, ஐயா."

"எழுதியிருக்க மாட்டினம்," என்றார் அவர். "இன்னொருக்கால் சொல்லும்."